நான் பார்த்த முகம்

எங்கள் முதல் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துவாலையில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். ஆபரேஷன் ஆன மயக்கத்தில் கிடந்தாள் என் மனைவி. நானும் மாமனாரும் ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

"தொறந்து பாக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது துவாலையை விலக்கிப் பார்த்துவிட்டேன். தலை நிறைய முடி. மூக்கு அப்படியே அவளுடையது. நெற்றியில் ஒரு சுருக்கம், எதையோ யோசிக்கிற மாதிரி.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் கடைசிச் சுவர் ஓரம் இடம். சிலுவை கிடையாது. குழியை மூடியதும் அந்த மண்மேல் கவிழ்ந்துவிட்டேன். மாமனார் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "நீங்க ஆம்பள. நீங்களே ஒடைஞ்சா அவ கதி என்ன? பிள்ளையப் பத்தி அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க." நல்ல மனுசர்தான். அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் கண் விழித்தவளிடம் நர்ஸ் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை யாரு சாயல்?"

"நான் சரியாப் பாக்கல" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரமே கடலுக்குப் போனேன். வலை இழுக்கும்போது கண் நிறைந்துவிட்டது. "ஏலே, ஒனக்கா பேறுகாலம்? பொம்பள மாதிரி அழுத?" என்றான் கூட்டாளி. வள்ளமே சிரித்தது. கடல் தண்ணி தெறித்துவிட்டது என்று நானும் சிரித்தேன். கரையில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் அவள் எப்படி இருக்கிறாள் என்றார்கள். கேட்க வேண்டியதுதான். என்னைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் அவள் தன் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெத்த பிள்ள மொகத்தக்கூடப் பாக்கலயாம். மனுசனா, கல்லா?"

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவேனே என்று பயம். மாதா சுரூபத்துக்கு முன்னால் மட்டும் சொல்லிவந்தேன்.

பிறகு ஆண்டவர் இரண்டு பெண்பிள்ளைகளைக் கொடுத்தார். கல்லறைத் திருநாள்தோறும் அவள் என் அப்பாவின் கல்லறையில் செபித்துவிட்டுத் திரும்பிவிடுவாள். நான் பீடி குடிக்கப் போகிறவன் போல அந்தச் சுவர்ப்பக்கம் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவேன்.

போன தடவை அவள் பின்னாலேயே வந்துவிட்டாள். "எந்த எடம்?" என்றாள். கையைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். வருசா வருசம் உருகிய மெழுகு சுவரடியில் கட்டி கட்டியாகக் கிடந்தது.

"இங்கன யாரு திரி ஏத்துறா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் வள்ளத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "என்ன மச்சான், கண்ணு செவந்து கிடக்கு?"

"திரிப் பொகைலே" என்றேன்.

அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த திரியைப் பழைய மெழுகின் மேலேயே ஊன்றினாள்.

"யாரு சாயல்னு இப்பமாவது சொல்லுங்க."

கையைத் தூக்கி அவள் மூக்கைக் காட்டினேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.