ஓடையோடு போன சாக்கு

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. மாத்தளைக்கு வெளியே, யட்டவத்த வீதியிலிருந்து பிரிந்து, வனவிலங்குப் பகுதியின் வேலியோரமாக ஓடையைச் சுற்றி வரும் இந்த நடைபாதையைப் போட்டவர்கள் இரு பக்கமும் பூச்செடி வைத்தார்கள். எங்கள் சனமோ அந்தச் செடிகளுக்குள் சோறு ஒட்டிய லஞ்ச் ஷீட்டையும் பிள்ளைகளின் அழுக்கு டயப்பரையும் கோழிக்குடலையும் கொண்டுவந்து கொட்டுகிறது. ஈ மொய்க்கும் பைகளைத் தாண்டும்போதெல்லாம் எட்டிக் கால் வைப்பேன். கூட நடக்கும் என் பள்ளித் தோழி செல்வி, "சீ, மனுசங்களா இவங்க?" என்று காறித் துப்புவாள். அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

என் பத்து வயதில் இங்கே வெறும் மாட்டுத் தடம்தான் இருந்தது. வீட்டோடு சேர்த்துக் கோழிக்கடை வைத்திருந்த வாப்பா, காலையில் குடலும் இறகும் நிறைந்த சாக்கை என்னிடம் தந்து, "ஆத்துல கொட்டிட்டு வா மகள், கபரகொய்யா தின்னுட்டுப் போகும்" என்பார். ஓடையோரத்துப் பெரிய நீர் உடும்பைத்தான் அப்படிச் சொல்வோம். சாக்கின் அடியிலிருந்து வெதுவெதுப்பாக வழிந்து என் காலில் சொட்டும் அந்த நீரின் வாடை, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அந்த ஓடைதான் கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் குழாய் வழியாகப் 'பீலி'யாகக் கொட்டும். லயத்துச் சனம் குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். செல்வியின் வீடும் அந்த லயத்தில்தான். தெரிந்தேதான் கொட்டினேன்.

ஒரு நாள் சாக்கே கை நழுவி ஓடையோடு போய்விட்டது. தீவன லொறியில் மாறிப் போகாமலிருக்க வாப்பா நீலப் பெயின்ட்டில் கடைப் பெயரைப் பெரிதாக எழுதியிருந்த சாக்கு அது. "நல்ல சாக்கு ஒன்னத் தொலைச்சிட்டியே!" என்று அவர் கத்தினார், எனக்கோ, செல்வி இனி என் முகத்தில் முழிப்பாளா என்ற பயம். மறுநாள் பள்ளியில் அவள் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் சோற்றில் பாதியைத் தின்று, கோழித் துண்டை மட்டும் "வயித்துக்கு ஆகாது" என்று தள்ளிவிட்டாள். அப்பாடா, இவளுக்குத் தெரியாது என்று மூச்சு வந்தது.

போன வாரம் ஒரு நாய் குடல் பையை எங்கள் காலடியில் இழுத்துக்கொண்டு ஓடியபோது, தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செல்வி நடையை நிறுத்தவில்லை.

"தெரியும். அந்தச் சாக்கு வந்து எங்க பீலிய அடைச்சிருச்சு. அம்மா கழுவி வாசல்ல போட்டாங்க. ரெண்டு வருசம் ஒங்க கடைப் பேருலதான் காலத் தொடச்சோம்."

"ஏன்டி ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ எங்கூடப் பேச மாட்டியோன்னு பயந்தேன்."

கொஞ்ச தூரம் போய், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "கோழி எனக்கு நல்லாவே ஆகும் பரீதா. ஒங்க வீட்டுக் கோழிதான் தொண்டையில எறங்கல."

பீலி இன்று இல்லை. அந்தத் தண்ணீரில் இப்போது யாரும் கைகூடக் கழுவுவதில்லை. அது கொட்டிய இடத்தில், குப்பை போடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை நிற்கிறது. நாற்றம் அங்கேதான் அதிகம். ஆனாலும் அந்த இடத்தில் மட்டும் நான் மூக்கைப் பொத்துவதில்லை. செல்வி பக்கத்தில் வருகிறாள்.