மூன்றாவது சக்கரத்தை நம்பாதவன்

செம்பட்டியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சௌந்தரராஜனின் தம்பி மொபெட்டை என் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினான். அண்ணன் காலையில் காப்பி குடித்தாராம், சுவரில் சாய்ந்தாராம், அவ்வளவுதானாம். அந்த வாரம்தான் நானும் சௌந்தரமும் விடுப்பில் ஒரே ரயிலில் வந்து கொடைரோட்டில் இறங்கியிருந்தோம். சின்னாளபட்டியில் அவன் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு தறிகூட ஓடவில்லை. பகலில் அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

வடக்கே அணுமின் நிலையத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு அவனைத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அவன் ஏதோ கரண்டு ஆபீஸில் இருந்தான் என்பதோடு சரி. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உலையின் வெப்பத்தில் எழும் நீராவிதான் டர்பைனைச் சுழற்றுகிறது. நீளமான தண்டில் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட எஃகுச் சக்கரங்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். அந்த நீராவியில் ஈரம் உண்டு. சக்கரம் தண்டைக் கவ்வும் இடத்தில், கண்ணுக்கு எட்டாத உள்பக்கத்தில், ஈரம் தங்கி மயிரிழையாக விரிசல் விடும். அது வளர்ந்தால் ஓடுகிற வேகத்தில் சக்கரம் பிளந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தும் நாட்களில் சௌந்தரம் சக்கரத்தில் எண்ணெய் தடவி, உள்ளே ஒலியை அனுப்பும் கருவியை அதன்மேல் நகர்த்திக்கொண்டே திரையைப் பார்ப்பான். விரிசல் இருந்தால் எதிரொலி திரும்பி வந்து திரையில் ஒரு முள்ளாக எழும். எதுவும் எழாவிட்டாலும் 'விரிசல் இல்லை' என்று அவன் ஒருநாளும் எழுதியதில்லை. 'தென்படவில்லை' என்றுதான் எழுதுவான். மேலதிகாரிகளுக்கு எரிச்சலாக வரும். எனக்கும்தான்.

சென்ற முறை நிறுத்தியபோது மூன்றாவது சக்கரத்தில் அந்த முள் எழுந்தது. அவன் கத்திக் கூப்பிட, நான் ஓடிப் போவதற்குள் அது அடங்கிவிட்டது. அதே இடம், அதே எண்ணெய், அதே கை. மறுபடி எழவே இல்லை. வேறு கருவியோடு வேறு ஆட்களும் வந்து தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. புற்றுக்குள் போன பாம்புக்குக் காத்திருப்பவனைப் போல அன்று முழுக்க அவன் அந்தச் சக்கரத்தின் முன்னாலேயே நின்றான். அதன் பிறகு மூடியைப் போட்டு டர்பைனை ஓட்டினார்கள்.

மூன்றாவது சக்கரத்துக்கு நேர் பக்கத்தில்தான் ஷிப்டில் என் நாற்காலி. "ஏலே அப்பு, தெறிச்சா பக்கவாட்டுலதான் தெறிக்கும். தண்டு முனைக்குப் போயி உக்காரு" என்றான் சௌந்தரம். உனக்குப் பேய் பிடித்திருக்கிறது, போய் மந்திரித்துக்கொள் என்றேன். அவன் விடவில்லை. தினமும் வந்து நாற்காலியை முனைக்கு இழுத்துப் போடுவான். பார்க்க வேண்டிய மீட்டர்கள் எல்லாம் இந்தப் பக்கம் இருக்கின்றன, நான் என்ன செய்வேன்? அவன் தலை மறைந்ததும் திரும்ப இழுத்துக்கொள்வேன். பல சமயம் திரும்பிப் பார்த்தால் தூணோரம் அவன் நின்றுகொண்டிருப்பான். என்னைப் பார்க்க மாட்டான், என் முதுகுக்குப் பின்னால் இருந்த இரும்பு மூடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

இந்த விடுப்பில் திண்டுக்கல் மாவு மில்லுக்கு நானும் என் மனைவியும் மிளகாய் அரைக்கப் போனோம். அவனும் சும்மா கூட வந்தான். பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். இவன் மிளகாய்த் தூக்குவாளியை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்து, அவளையும் அங்கே வரச் சொன்னான். மில்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, நீங்க எதையோ பாத்துட்டு வந்திருக்கீக. இவரு அங்கன உக்காரலாமா?"

அவன் தூக்குவாளியை அவள் கையில் கொடுத்தான்.

"பாத்தேன், இருந்துச்சு. மறுபடி பாத்தேன், இல்ல. விரிசல் எங்கிட்டும் போகாதும்மா. அது உள்ளதான் இருக்கு."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அவனோ மறுநாளே நெஞ்சு வலிக்கிறது என்று டாக்டரிடம் போய், இ.சி.ஜி. எடுத்துவிட்டு, என்னிடம் வந்து சிரித்தான். ஒன்றும் இல்லை என்றாராம் டாக்டர். 'ஒண்ணும் தென்படலைன்னு சொல்லுங்க டாக்டர்' என்று இவன் திருத்தினானாம். எவனாவது டாக்டரிடம் இப்படிப் பேசுவானா?

விடுப்பை நீட்டித்துக்கொண்டு பதினாறாம் நாள் காரியத்துக்கு இருந்தேன். இலை போடும் நேரத்தில் அவன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"லீவுக்கு முன்னாலயே மதுரைல ஆபீஸ் வேலைக்கு மாத்தல் வந்துருச்சுண்ணே. நெஞ்சு வலின்னு அவருதான் கேட்டு வாங்குனாரு. பெறகு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. 'அவன் அந்தச் சக்கரத்துக்கிட்ட உக்காந்திருக்கான், அடுத்த தடவ நிறுத்துறப்ப நானே பாத்துட்டு வாரேன்'னாரு."

இலையில் உட்கார என்னால் முடியவில்லை. பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்காகவா அந்த நெஞ்சோடு அங்கேயே கிடந்தான்? கொல்லைப்பக்கம் போய் வாய்விட்டு அழுதேன்.

நாளை ரயிலேறுகிறேன். டர்பைன் இப்போதும் நன்றாகத்தான் ஓடுகிறதாம். அடுத்த முறை நிறுத்தும்போது வேறு யாரோ வந்து அதே இடத்தில் கருவியை வைப்பார்கள், விரிசல் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள். சௌந்தரத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அவனுடைய சந்தேகம்தான். அதை அவன் சுமந்தவரை எனக்குக் கேலியாக இருந்தது. இனி மூன்றாவது சக்கரத்தை நம்பாதவன் அங்கே நான் ஒருவன்தான்.