சிரிப்புப் பேணி

இதை எழுதவேண்டும் என்று எத்தனையோ வருடமாகப் பேனையை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதோடு, வீட்டுக் கடனை வெளியில் சொல்வது எங்கள் பக்கத்தில் வெட்கக்கேடு. என் கணவரும் போய், அவருக்குக் கடன் தந்தவரும் போனபிறகு, முருகா, இனி யாருக்கு வெட்கம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

கண்ணை மூடினால் முதலில் தெரிவது எங்கள் கொக்குவில் வீட்டு அடுப்படித் தட்டில் இருந்த மூன்று பால்மாத் தகரப் பேணிகள். உழைத்துக்கொண்டு வருகிற காசை என் கணவர் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அந்த மூன்றுக்குள்ளும் பிரித்துப் போடுவார். முதலாவது கடனுக்கு. இரண்டாவது உலைக்கு. மூன்றாவதற்கு அவரே ஒரு பெயர் வைத்திருந்தார், சிரிப்புப் பேணி. அதற்குள் விழுவது சில்லறைதான். ஆனால் விழாமல் இருந்ததில்லை.

கடன் வந்த கதை பெரிதில்லை. அவருடைய தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடு வைத்துக் காசு எடுத்தோம். வாங்கின ஏஜென்சிக்காரன் காசோடு மறைந்துவிட்டான். ஈட்டுக்குக் காசு தந்தவர் வேறு யாருமில்லை, என் கணவரின் பெரியப்பா மகன். நாங்கள் பெரியண்ணை என்போம். தனி ஆள், கையை இறுக்கிப் பிடிக்கிறவர். தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் வீடு அவருக்கு என்பது பேச்சு. பிறகு சண்டையில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் மூடி, என் கணவரின் வேலையும் போயிற்று. சைக்கிளில் விறகும் மரக்கறியும் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனார். ரியூப் கிடைக்காத காலம். ரயருக்குள் தேங்காய்த் தும்பை அடைத்து ஓடுவார். வந்து இறங்கும்போது முழங்கால் மடங்காது. அவருடைய காலுக்கு எண்ணெய் தடவியபடி எத்தனையோ நாள் நான் வாய்க்குள் தேவாரம் சொல்லியிருக்கிறேன். களைப்பு என்பது அந்த வீட்டில் இன்னொரு ஆளைப்போல எங்களோடு இருந்தது.

அப்படியிருந்தும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது பேணியைக் கவிழ்த்து, இரண்டு பிள்ளைகளையும் என்னையும் அந்தச் சைக்கிளிலேயே ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்கு ஐஸ்கிறீம் குடிக்கப் போவார். ஜெனரேற்றர் போட்டு நடத்துகிற ஒரு கூல்பார் இருந்தது. ஒருநாள் உள்ளே போனால், மூலையில் தூணுக்குப் பின்னால், சின்னக் கரண்டியும் கையுமாகப் பெரியண்ணை! தேங்காய்ச் சொட்டுக்கே கணக்குப் பார்க்கிற மனிசன், கண்ணாடிக் கோப்பையை வழித்துக்கொண்டிருக்கிறார். என் மகள் கத்திவிட்டாள்.

"அம்மா, பெரியப்பாவும் ஐஸ்கிறீம் குடிக்கிறார்!"

"தொண்டை நோகுது பிள்ளை, அதுதான்..." என்றவர், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றதும் முகம் கறுத்து என் கணவரிடம் பாய்ந்தார். "காசில்லையெண்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னட்டை வாறாய். இஞ்சை குடும்பமா வந்து குந்தியிருக்கிறாய். கடன்காரனுக்கு என்னடா கொண்டாட்டம்?"

"உங்கடை காசு உங்கடை பேணியிலை கிடக்கு அண்ணை. இது வேறை. கடன் எனக்குத்தானே, என்ரை பல்லுக்கில்லையே?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு வினையாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து இரட்டிப்பாகத் தரவேண்டும், இல்லையென்றால் வீட்டை விடு என்று ஆள் விட்டுச் சொன்னார்.

நான் பயந்துபோனேன். "இஞ்சாருங்கோ, அந்த மூண்டாம் பேணியை விடுங்கோ. கடன் முடியட்டும், பிறகு போவம்" என்று அழுதேன்.

"கடன் முடிஞ்சாப்பிறகு சிரிப்பமெண்டு இருந்தால், முடியேக்கை எனக்குப் பல்லும் இராது, பிள்ளையளும் வளந்திடும். சும்மா இரும்" என்றார்.

அன்றோடு தன் சுருட்டை விட்டார். விடியவே ஒரு நடை விறகு கூடக் கட்டினார். நான் பக்கத்து வீடுகளுக்கு மா இடித்துக் கொடுத்தேன். இரண்டாவது பேணி மெலிந்தது, மூன்றாவது இன்னும் மெலிந்தது. நாலு கோப்பை ஐஸ்கிறீம் ஒரு கோப்பையாயிற்று. ஒரு கோப்பை, நாலு கரண்டி. பிள்ளைகள் அதற்கும் சண்டை பிடித்துச் சிரித்தார்கள். ஒரு மாதமும் தவறவில்லை. அது முருகன் அருள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

கடைசித் தவணை ஒன்றுதான் மிச்சம் என்றிருந்தபோது, தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, எங்கள் வலிகாமத்துச் சனமெல்லாம் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்கள் ஒதுங்கிய பள்ளிக்கூடத்து விறாந்தையில், ஒரு வாங்குப் பலகையில், தோற்பையைக் கட்டிப்பிடித்தபடி பெரியண்ணை. சேறு படிந்த வேட்டி. என் கணவர் மடியை அவிழ்த்துக் கடைசிக் காசை நீட்டினார்.

"வீடு கிடக்கோ இல்லையோ ஆருக்குத் தெரியும் தம்பி? நீ வைச்சிரு" என்றார் பெரியண்ணை.

"வீட்டுக்கில்லை அண்ணை. வாங்கின காசுக்கு."

பெரியண்ணை பையை மடியில் வைத்துவிட்டுக் காசை வாங்கினார். வாங்கி எண்ணியும் பார்த்தார். பையைத் திறந்து உறுதியை எடுத்து, ஈரம் படாமல் சுற்றிய பொலித்தீனோடு என் கையில் தந்தார். எண்ணினாரே என்று எனக்கு ஆத்திரம்தான். ஆனால் என் கணவர் சுவரில் சாய்ந்தவர், அத்தனை சனத்தின் இரைச்சலுக்குள், குழந்தைகளின் அழுகைக்குள், அந்தப் பகல் முழுவதும் நித்திரை கொண்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அப்படி உறங்கி நான் கண்டதில்லை. பெரியண்ணை தன் சால்வையை எடுத்து அவர் காலில் போட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது வீட்டில் ஓடுகள் இல்லை, சுவர் நின்றது. இப்போது அங்கேதான் தனியே இருக்கிறேன். பிள்ளைகள் தூரதேசத்தில், தங்கள் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டு. களைத்த குரலில் கதைப்பார்கள். அவர்களுக்காகவும்தான் இதை எழுதினேன்.

வாசிக்கிறவர்கள் இதை வேறு யாருக்கும் சொல்வதென்றால் நடந்தபடியே சொல்லுங்கள். என் கணவரைப் பெரிய ஞானியாக்க வேண்டாம். பெரியண்ணையைக் கெட்டவராக்கவும் வேண்டாம். அவர் காசை எண்ணியதையும் சொல்லுங்கள், சால்வை போட்டதையும் சொல்லுங்கள்.