ஒரு மிஸ்டு கால் வந்தால் பறிக்கலாம்

மனு எதுவானாலும் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. தேயிலைத் தொழிற்சாலையில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த நான், மற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களில் அதைத் தவறாமல் மேற்கோள் காட்டுவேன்.

தேயிலை விலை விழுந்திருந்த காலம். தூள் மூட்டைகள் விற்காமல் குடோனை அடைத்தன. பச்சை இலையைச் சில நாட்களில் வாங்கினோம், சில நாட்களில் திருப்பி அனுப்பினோம். திரும்பிய இலை சாக்கிலேயே சூடேறிக் கெட்டுவிடும். இதற்குத் தீர்வாக, இலை வாங்கும் கொட்டகையில் தொடுதிரை ஒன்று வைத்தார்கள். நாளை எவ்வளவு பறிக்கப்போகிறோம் என்று விவசாயிகள் அதில் பதிய வேண்டும். "தகவல் ஏற்கப்பட்டது, நன்றி" என்று திரை ஒளிரும். யார் தொட்டாலும், எந்த நாளும் அதே நன்றி. கோப்பில் அதை 'இருவழித் தொடர்பு' என்று எழுதியவன் நான்தான்.

ஊட்டிப் பக்கம் இத்தலார் கிராமத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருந்த ஒரு பெண்மணியின் இலை இரண்டு முறை திரும்பியது. நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்க சார், அந்தப் பொட்டி நன்றிங்குது, உங்காளு வேண்டாங்குறாரு. நான் யாரை நம்பறதுங்க? இன்னொருக்கா திரும்புச்சுன்னா செடியெல்லாம் புடுங்கிட்டுக் கேரட் போட்டுருவேன்."

"எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பறேன்."

"மேலன்னா எங்கீங்க, தொட்டபெட்டாவுக்கா?"

எழுதித் தரவில்லை. மாடியில் இலை வாட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளியிடம் போனார். தொட்டியில் இடமிருந்தால்தான் அன்றைக்கு இலை வாங்குவோம். அங்கே விசிறி இரைச்சலில் பேச்சு கேட்காது. சட்டைப்பையில் போன் அதிர்வது தெரியும். இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலையில் பெண்மணி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். தொழிலாளி தொட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுப்பார்: ஒன்று வந்தால் பறிக்கலாம், இரண்டு வந்தால் வேண்டாம்.

வேலை நேரத்தில் போன் கூடாது என்ற சுற்றறிக்கையும் என் கைவண்ணமே. அந்தத் தொழிலாளிக்கு விலக்கு அளிக்கக் கோரி மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வரும்வரை மாடிப்பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை இரண்டு வந்தது. பறிக்காமல் காத்திருந்து, பத்து மணிக்கு மறுபடி கேட்டிருக்கிறார். அதற்குள் ஒரு தொட்டி காலியாகியிருந்தது. ஒன்று வந்தது. பிற்பகலில் அந்தப் பெண்மணியின் சாக்கு எடைக்கொக்கியில் தொங்குவதைக் கொட்டகையில் நின்று பார்த்தேன். பக்கத்தில் திரை யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவர் கேட்டதற்காக இன்னொருவர் எழுந்துபோய்ப் பார்த்தார். பார்த்ததற்கேற்பப் பதில் மாறியது. என் கோப்பு முழுவதிலும் இல்லாத இருவழி இதில் இருந்தது.

அவர் கேரட் போடவில்லை. போன் விலக்குக் கேட்ட என் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்ற பதில், நான் ஓய்வுபெற்ற மே மாதக் கடைசி நாளன்று, மாலைத் தபாலில் வந்து சேர்ந்தது.