அறுபது வரைக்கும்

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும் என்பது, கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவும் அந்தமானில், அவருடைய அறுபதாவது பிறந்தநாள் காலையில், மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நான் முடிவு கட்டிய பிறகு.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கடல் பத்து நிமிட நடை. ஆனாலும் அவர் கணுக்கால் நனைய நின்று நான் பார்த்ததில்லை. சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போவோம். பாறைகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். "பார்த்தது போதும், எழுந்திரிங்க. நீங்க என்ன எறங்கவா போறீங்க?" என்பேன். சிரித்துக்கொண்டே எழுந்து வருவார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பயந்தாங்கொள்ளி என்று நான் வைத்த பெயர் தெரு முழுக்கப் பிரசித்தம். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளுடைய தோழிகளிடம்கூட, "இவருக்கு வாளித் தண்ணியக் கண்டாலே ஒதறும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

அறுபது வந்ததும், திருக்கடையூர் போய்க் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கு வேறு யோசனை. "கோயிலுக்கு எப்ப வேணா போலாம்ப்பா. அந்தமான் போலாம், டிக்கெட் நான் போடுறேன்" என்றாள். எதைக் கேட்டாலும் 'அம்மாவக் கேளு' என்கிற மனிதர், அன்றைக்கு என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பொறந்தநாள் அன்னிக்கு அங்க இருக்கிற மாதிரி போடு" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். நான் வழிக்குப் புளிக்காய்ச்சல் கிளறுவதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

அந்தத் தீவின் கடல் நம் கடல் மாதிரி இரைச்சல் போடவில்லை. மகள் இளநீர் வாங்கப் போயிருந்தாள். நான் மர நிழலில் விரிப்பைப் போட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்தார். கைக்கடிகாரத்தையும் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி, "இத வச்சிக்கோ" என்று என் கையில் கொடுத்தார். காலை நனைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "முட்டிக்கு மேல போவாதீங்க" என்றேன். முட்டி மூழ்கியது, இடுப்பு மூழ்கியது, மார்பு மூழ்கியது. ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் தலை இல்லை.

செருப்போடு, புடவையோடு தண்ணீருக்குள் ஓடினேன். அவருடைய கண்ணாடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால், அதன் காது வளைந்துவிட்டது. நம்மூர் மாரியம்மனில் தொடங்கித் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். மகள் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். அவளுக்கும் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவள் பார்த்தது வேறு இடத்தை.

"அம்மா, அங்க பாரு. அப்பா நீந்துறாரும்மா."

தூரத்தில் இரண்டு கைகள் மாறி மாறி எழுந்து விழுந்தன. கடைத்தெருவுக்குப் போகிறவர் மாதிரி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். கரையில் இருந்த காவலாள் விசில் ஊதிய பிறகுதான் திரும்பினார்.

மூச்சு இரைக்க வந்து நின்ற மனிதரின் ஈரத் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை. "முப்பத்துமூணு வருசமா என்னை ஏமாத்தியிருக்கீங்க" என்றேன்.

"ஏமாத்தல. உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."

என் அப்பா விழுப்புரம் பக்கத்து விவசாயி. அவர் போயே பதினான்கு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு காலையில் முத்தியால்பேட்டைக்கு வந்திருக்கிறார். பையன் கடலில் இருப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதும் மணலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். ஒரு தலை தெரிந்திருக்கிறது, மறைந்திருக்கிறது, மறுபடி தெரிந்திருக்கிறது. ஏரிக்கு மேல் தண்ணீர் பார்க்காத மனிதர், அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாராம்.

"நிச்சயத்தன்னிக்குத் தட்டு மாத்தினதும் என்னைக் கெணத்தாண்ட கூட்டிட்டுப் போனாரு. கடல்ல எறங்க மாட்டேன்னு சொல்லுங்க மாப்ள, அது போதும்னாரு. எது வரைக்கும் மாமான்னு கேட்டேன். யோசிச்சாரு. அறுபது வரைக்கும்னாரு. அதுக்குள்ள புள்ளைங்க தலையெடுத்துடும், அப்புறம் உங்க இஷ்டம்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெருவுலகூட யாரும் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். சொன்னா நீ அவருகிட்ட சண்டைக்குப் போவ. எங்கப்பா கெடக்குறாரு, எறங்குங்கன்னுவ. நானும் எறங்கிடுவேன்."

நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அந்த மனிதர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. என் வாழ்க்கையைப் பற்றி இரண்டு ஆண்கள் கிணற்றடியில் நின்று பேசி முடித்திருக்கிறார்கள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அன்று முழுவதும் அவரை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தேன். மகள் வாங்கி வைத்திருந்த கேக்கைக்கூட அவள்தான் என் கையைப் பிடித்து அவருக்கு ஊட்டினாள்.

ஊருக்கு வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அறுபதுக்கு மேல் இவர் போனாலும் நான் தாங்கிக்கொள்வேன் என்று அப்பா நினைத்திருக்கிறார். அங்கேதான் அப்பாவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது. கல்யாணமான புதிதில் இவர் கடலில் போயிருந்தால், முகம்கூடச் சரியாகப் பழகாத ஒருவருக்காக அழுதிருப்பேன். இப்போது அப்படி இல்லை. அந்தமானில் முட்டித் தண்ணீரில் நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் அதை நன்றாகப் பார்த்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் துண்டோடு வாசலில் நின்றார்.

"வடக்கால மணல் இருக்குற பக்கம்தான். போய்ட்டு வரட்டுமா?"

முப்பத்துமூன்று வருடத்தில் இதற்காக அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுபது வரைக்கும் வேண்டாம் என்பது என் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"கண்ணாடியக் குடுங்க. நானும் வர்றேன்" என்றேன்.