அவன் விழாத அந்த ஞாயிறு

நான் முன்கூட்டியே பார்த்தது நடக்காமல் போனால், அதை எதிர்காலம் என்று சொல்லலாமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

பிளஸ் டூ படித்தபோது வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருந்தோம். எதிர் பிளாக்கில் பாக்ஸிங் ஆடும் பையன் ஒருவன் இருந்தான். அவனை எனக்குப் பிடிக்கும். அது அவனுக்கும் தெரியும். ஒருநாள் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கையில், அவன் மேடையில் விழுந்து கிடப்பதும் எதிராளியின் இடது கை கீழே இறங்குவதும் கண்முன் தெரிந்தன. முன்பும் இப்படிச் சில விஷயங்கள் தெரிந்து, அப்படியே நடந்திருந்தன. அந்த ஞாயிறு நடக்கவிருந்த போட்டியில் ஜெயித்தால்தான் அவனுக்கு ரயில்வே வேலை.

"எதுக்க வர்றவன் பீச்சாங்கையால குத்துவான்," என்றேன்.

"இன்னாமே, சோசியமா? எங்க பாக்ஸிங் ஷெட்ல பீச்சாங்கைக்காரன் ஒருத்தனும் இல்ல. யாரோட பழகறது?"

நான் இடது கைக்காரி. அந்தக் கையால் சோறு போட்டு அம்மாவிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறேன். அதே கையில் கிளவுஸ் மாட்டி, மாலைகளில் மொட்டை மாடியில் அவனைக் குத்தினேன்.

"மெதுவாமே, மூக்கு போச்சு," என்று சிரித்துக்கொண்டே பழகினான்.

ஞாயிறன்று எதிரே வந்தவன் இடது கைக்காரன்தான். அவன் வீசிய குத்துக்கு என் ஆள் குனிந்து, நிமிர்ந்து திருப்பி அடித்தான். விழுந்தவன் எதிராளி. ஹவுசிங் போர்டே விசில் அடித்தது. வேலை கிடைத்தது, பிறகு எங்கள் கல்யாணமும் நடந்தது.

இப்போது யு.கே.ஜி. படிக்கும் எங்கள் மகள், "நாளைக்கு மிஸ் வரமாட்டாங்க" என்கிறாள். மறுநாள் மிஸ் வருவதில்லை. அவளும் இடது கைக்காரி; அந்தக் கையை நான் மாற்றவில்லை. ஆனால் அவள் இப்படிச் சொல்வதைக் கேட்டு வளர்ப்பதா, கேட்காததுபோல் இருப்பதா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.