அழித்த பிறகும் ஓடிய கணினி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவன், எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைப்பவன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டாலும் வருத்தமில்லை.

போடியில் எங்கள் பல்கலைக்கழகத்து சர்வர் அறை என் பொறுப்பு. மாணவர்கள், ஆசிரியர்கள் யார் கேட்டாலும் அந்தப் பெரிய சர்வரில் ஒரு பங்கைத் தனிக் கணினி மாதிரி இலவசமாகப் பிரித்துக் கொடுப்போம். பருவம் முடியும்போது புதுப்பிக்காததை அழித்துவிடுவோம்.

ராசிங்காபுரத்து முருகேஸ்வரி ஆராய்ச்சி மாணவி. ஏலத்தோட்டத்துப் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்து, அப்படி நாங்கள் கொடுத்த ஒரு கணினியில் வைத்திருந்தாள். தோட்டத்தில் வேலைபார்த்த அவள் அம்மாவும் பேசியிருந்தார், அடுத்த சில மாதத்தில் இறந்துபோனார். கெடு முடிகிற அன்று போன் செய்தாள்.

"அண்ணே, குரங்கணிக்கு மேல இருக்கேன், நெட்டு கெடைக்கல. திங்கக்கிழமை வந்து புதுப்பிச்சிர்றேன், அழிச்சிராதீங்க."

சரிம்மா என்றேன். மறந்துவிட்டேன். மற்றவர்களுடையதோடு அவளுடையதும் போயிற்று.

திங்கட்கிழமை அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. லேப்டாப் கெட்டுப்போனதில் வேறு நகலும் இல்லையாம். "அம்மா கொரலு வேற எங்கயும் இல்லண்ணே" என்று மட்டும் சொன்னாள். மூன்று நாள் என்னென்னவோ செய்துபார்த்தேன், மீளவில்லை.

வியாழக்கிழமை, பட்டப்பகல். சர்வரில் ஓடும் கணினிகளின் பட்டியலில் அவளுடைய கணினி ஓடுவதாகப் பச்சை விளக்கு காட்டியது. உள்ளே ஒரே ஒரு ஒலிக்கோப்பு. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். சடசடவென்று மழை, அதற்குள் ஒரு பெண்குரல்: "சிட்டு, வெரசா எறங்கி வா ஆத்தா, இருட்டிக்கிட்டு வருது."

உடனே நகல் எடுத்திருக்க வேண்டும். அந்தப் புத்தி வரவில்லை. நிறுத்திவிட்டு, நூலகத்தில் இருந்தவளைப் போனில் கூப்பிட்டேன். அவள் ஓடிவருவதற்குள் பட்டியலில் அது இல்லை. அப்படி ஒன்று ஓடியதற்கு சர்வரில் ஒரு வரி தடயம்கூட இல்லை.

கேட்டதைச் சொன்னேன்.

"சிட்டுன்னு அம்மா மட்டுந்தான் கூப்புடும். ரெக்கார்டு பண்ணப்ப அந்தப் பேரு சொல்லவே இல்லண்ணே. அன்னைக்கி மழையும் இல்ல."

அவளிடம் இன்றுவரை சொல்லாத ஒன்று உண்டு. நான் நிறுத்திய பிறகும் அந்தக் கோப்பின் நீளம் திரையில் நொடிக்கு நொடி கூடிக்கொண்டே இருந்தது. அங்கே பேச்சு முடிந்திருக்கவில்லை. நான்தான் ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.